ஸார்ஜெண்டின் சுவர்கள்

1907-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரத்துப் பிரபுக்களும் சீமாட்டிகளும், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கோடீசுவரர்களும், தங்கள் உருவத்தை எழுதித் தரவேண்டுமென்று காத்துக் கிடந்த வேளையில், ஜான் ஸிங்கர் ஸார்ஜெண்ட் என்னும் சித்திரக்காரர், இனித் தைல வர்ணத்தில் உருவப்படம் எழுதித் தருவதில்லை என்று தீர்மானித்துத் தம் சித்திரசாலையின் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 51. பிரிட்டிஷ் அரசாங்கம் அளிக்க முன்வந்த 'ஸர்' பட்டத்தையும், தாம் அமெரிக்கப் பிரஜை என்ற காரணத்தைச் சொல்லி, அதே வருஷத்தில் மறுத்துவிட்டார். செல்வமும் கீர்த்தியும் உச்சத்தில் இருந்த சமயத்தில் அவற்றை உதறிவிட்டு அவர் நாடியது, முன்பே எழுதத் தொடங்கியிருந்த பாஸ்டன் நகரத்துப் பொது நூல் நிலையத்தின் சுவர்களை. முகங்களை எழுதி அலுத்துப்போனதால்தான் சுவர்களிடம் சென்றார் என்று அவருடைய சரித்திரத்தைச் சொல்வது வழக்கம், அது உண்மையும்கூட. ஆயினும், மனித முகத்தைத் தம்முடன் கொண்டு சென்ற இடங்களில்தான் அவருடைய சுவர்கள் உயிர் பெற்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்கப் பெற்றோருக்கு 1856-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் பிலடெல்பியாவில் ரண சிகிச்சை வைத்தியராக இருந்தவர். தாயார் நீர் வர்ணச் சித்திரம் எழுதுவதிலும் தேச சஞ்சாரத்திலும் பெருவிருப்பம் உடையவர். பருவத்துக்குப் பருவம் ஐரோப்பாவின் ஊர்களை மாற்றிக்கொண்டிருந்த அக்குடும்பத்தில், ஒழுங்கான பள்ளிப் படிப்பு வாய்க்காவிட்டாலும், நான்கு பாஷைகளும் பியானோ வாசிப்பும் பிள்ளைக்கு வாய்த்தன. 1874-ல் பாரிஸில் கரோலஸ்-டுரான் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். முதலில் கோடுகளை நுணுக்கமாக வரைந்துகொண்டு பிறகு வர்ணம் நிரப்பும் முறையை விலக்கி, ஒளியும் நிழலும் விழும் அளவைக் கண்ணால் நிர்ணயித்து, தூரிகையாலேயே நேராகக் கித்தானில் எழுத வேண்டும் என்பதும், பழைய ஸ்பானிய மேதையான வெலாஸ்க்வெஸையே குருவாகக் கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாசிரியரின் போதனை. மாணவர் ஸ்பெயினுக்கே சென்று அம்மேதையின் படங்களைப் பிரதி செய்து பழகினார்.

அவர் உருவப்படம் எழுதும் விதம் பார்த்தவர்களை வியக்க வைத்தது. உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலேயே கித்தானை நிறுத்திவைத்து, அறையின் மறுகோடிவரை பின்வாங்கிச் சென்று, ஆளையும் படத்தையும் ஒருசேர ஒரே பார்வையில் ஒப்பிட்டு, பிறகு விரைந்து முன்வந்து ஒரே ஒரு தீற்றலை வைத்துவிட்டு, மறுபடியும் பின்னே போய்விடுவார். வைத்த தீற்றல் சரியாக அமையவில்லையானால் அதைத் திருத்திக்கொண்டிராமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். அவருடைய படத்தில் வெறும் வெள்ளைக் கீற்றுகளாக அருகில் தென்படுபவை பத்தடி தள்ளி நின்றால் பட்டாடையாகவும் முத்துமாலையாகவும் மாறுவதற்கு இந்த நடையே காரணம்.

1884-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'மேடம் எக்ஸ்' என்ற படத்தில், தோளிலிருந்து நழுவிய ஆடைப்பட்டி ஒன்று பெரிய அபவாதத்தைக் கிளப்பவே, அவர் இரண்டே வருஷங்களில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அந்த நாட்களில் வூஸ்டர்ஷயரிலுள்ள பிராட்வே என்னும் கிராமத்தில், காகித விளக்குகளை ஏற்றும் இரண்டு சிறுமிகளை எழுதினார். அந்தி வெளிச்சம் ஊதா நிறம் கொள்ளும் சில நிமிஷங்களில் மட்டுமே ஒவ்வொரு நாளும் எழுதி, பூக்கள் உதிர்ந்தபின் செயற்கைப் பூக்களைக் கட்டிவைத்து, 1885, 1886 ஆகிய இரண்டு வருஷத்து இலையுதிர் காலங்களை அந்த ஒரு படத்துக்குச் செலவிட்டார். விரைந்த கையர் என்று பெயரெடுத்தவரிடம் இத்தனை பொறுமை இருந்தது என்பதை அறிந்தால்தான் பின்னால் வந்த சுவர்ப்பணி விளங்கும்.

1890-ல், பாஸ்டன் நூல் நிலையத்தை நிர்மாணித்துக்கொண்டிருந்த கட்டடச் சிற்பி மக்கிம் அதன் மேல்தளத்து நீண்ட மண்டபத்தை அவரிடம் ஒப்படைத்தார். முதலில் ஸ்பானிய இலக்கியத்தைச் சித்திரிக்க எண்ணியவர், எகிப்து யாத்திரைக்குப் பிறகு, மதங்களின் சரித்திரத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஈரச் சுண்ணாம்பின்மீது எழுதும் பழைய முறையை அவர் கைக்கொள்ளவில்லை. மண்டபத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் பெரிய கித்தான்களில் எழுதி, அவற்றைக் கப்பலேற்றி, பாஸ்டனில் சுவரோடு ஒட்டச் செய்தார். கிரீடம், ஆபரணம் முதலியவற்றைப் புடைப்பாக அமைத்துப் பொன்முலாம் பூசினார். 1895, 1903, 1916, 1919 என நான்கு தவணைகளில் அவை சுவரேறின.

முதல் தவணையில் மோசேயை நடுவே நிறுத்தி அவர் எழுதிய தீர்க்கதரிசிகளின் வரிசைதான் ஜனங்களைக் கவர்ந்தது. அதற்கு மேலே அஸ்தரோத், மோளேகு முதலிய பண்டைத் தெய்வங்கள் பொன்னொளியில் மயங்கிக் கிடக்க, கீழே நிற்பவர்களோ வருத்தமும் கோபமும் நம்பிக்கையும் தனித்தனியே முகத்தில் தெரியும் மனிதர்கள். உருவப்படக்காரரின் கண் அங்கே வேலை செய்திருக்கிறது.

அந்தக் கண் மூடிக்கொண்ட இடத்தில் பிழை நேர்ந்தது. 1919-ல் வைத்த இரண்டு படங்களில், கிறிஸ்தவ சபையை வீறுடைய பெண்ணாகவும், யூத ஆலயத்தைக் கண்கட்டுண்டு, மகுடம் சரிந்து, செங்கோல் முறிந்து வீழும் கிழவியாகவும் எழுதினார். மத்திய காலத்து மாதா கோயில்களின் சிற்ப மரபு அது என்பது மெய்யே. எனினும் யூத மக்கள் மனம் புண்பட்டுக் கண்டனம் செய்தார்கள். விவகாரம் மாஸச்சூஸெட்ஸ் சட்டசபை வரை சென்றது. அவர்கள் கண்டித்தது நியாயமே. லண்டன் யூத வியாபாரியான ஆஷர் வெர்ட்ஹைமரின் குடும்பத்தைப் பன்னிரண்டு படங்களில் அத்தனை வாஞ்சையோடு எழுதிய அதே கை, மனிதர்களை விட்டுச் சின்னத்தை எழுதப் புகுந்தபோது ஒரு சமூகத்தையே அவமதித்தது. அவ்விரண்டு படங்களுக்கும் நடுவே மலைப்பிரசங்கத்துக்காக ஒதுக்கிய இடத்தை அவர் நிரப்பவே இல்லை.

இதற்கிடையே, 1918-ல், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில், 62 வயதில் அவர் பிரான்ஸின் போர்முனைக்குச் சென்றார். ஆங்கிலேய, அமெரிக்கப் படைகள் தோளோடு தோள் நிற்கும் காட்சியை எழுத வேண்டும் என்பது கட்டளை. ஆகஸ்டு மாதத்து மாலைப் பொழுதில், அர்ராஸ் நகரத்துக்கு அருகே, விஷவாயுவால் பார்வை இழந்த சிப்பாய்கள் சிகிச்சைக் கூடாரத்தை நோக்கி நடப்பதைக் கண்டவர், அதையே எழுதினார். ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள அப்படத்தில், கண்ணில் துணி கட்டிய வீரர்கள், முன்னே செல்பவரின் தோளைப் பற்றியபடி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒருவர், எதிரே படி இருப்பதாகக் கேட்டு, காலை வேண்டியதற்கு மிக அதிகமாகத் தூக்குகிறார். தொலைவில் வேறு சிப்பாய்கள் பந்தாடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் கண்களை எழுதிப் பெயர் பெற்றவர், கண்களே தெரியாத மனிதர்களை எழுதி, தூக்கிய அந்த ஒற்றைக் காலில் ஒரு மனிதனை முழுமையாகக் காட்டிவிட்டார். அவருடைய படைப்புகளிலெல்லாம் இதுவே தலையாயது என்பேன். நினைவு மண்டபம் ஒன்றின் சுவருக்காக எழுதப்பட்டது, மண்டபம் கட்டப்படவில்லை, படம் லண்டன் யுத்த மியூசியத்தில் இருக்கிறது.

கடைசிச் சுவர்கள் பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் உள்ளவை. 1916-ல் ஏற்ற அப்பணியின் நடு மண்டபத்தை 1921-ல் முடித்து, மாடிப்படிக் கூடத்துக்கான படங்களையும் எழுதி முடித்து, அவற்றை நிறுவப் பாஸ்டனுக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்த நிலையில், 1925 ஏப்ரல் 15 அன்று லண்டனில் உறக்கத்திலேயே காலமானார். அங்கே வெண்மேனியோடு விளங்கும் அப்பல்லோ முதலிய கிரேக்க தேவதைகள் பலருக்கும் மாதிரியாக நின்றவர், பாஸ்டன் ஹோட்டல் ஒன்றில் லிப்ட் ஓட்டி வந்த கறுப்பின இளைஞர் தாமஸ் மெக்கெல்லர். அவருடைய உடலைத் தேவதைகளுக்குக் கொடுத்து, முகத்தையும் நிறத்தையும் மாற்றிவிட்டார் ஸார்ஜெண்ட். ஆனால் மெக்கெல்லரை மெக்கெல்லராகவே, முகத்தை மேலே உயர்த்தி அமர்ந்த நிலையில், ஒரு தைல வர்ணப் படமும் எழுதித் தம் சித்திரசாலையில் வைத்துக்கொண்டிருந்தார். தம் ஆயுளில் அதைக் கண்காட்சிக்கு அனுப்பவில்லை. 1986-ல் அந்தப் படத்தை விலைக்கு வாங்கியது, அத்தேவதைகள் குடியிருக்கும் அதே மியூசியம். 2020-ல் அவ்வூரின் இஸபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியம், மெக்கெல்லரைப் பார்த்து வரைந்த கரிக்கோல் சித்திரங்களோடு அப்படத்தையும் காட்சிக்கு வைத்து, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் ஆராய்ந்து வெளியிட்டது.