வள்ளம் ஏன் கவிழ்கிறது?

2013ஆம் ஆண்டு யூன் 8ஆம் திகதி எமது நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோரங்களைப் பெருங்காற்றுத் தாக்கியது. கடலில் நின்ற மீனவர்களில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான காலத்தில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இந்தப் பயம் ஆண்டுதோறும் உண்டு. ஆகவே, சிறு வள்ளங்கள் கவிழும் காரணங்களை அறிந்திருப்பது அவசியமாகும்.

மரக்குற்றிகளைப் பிணைத்த கட்டுமரம் மூழ்குவதில்லை. அதில் ஏறும் நீர் இடுக்குகளால் வடிந்துவிடும். சிங்கள மீனவரின் 'ஒருவ' கவிழாதபடி அதன் பக்கமிதவை தடுக்கிறது. இன்று பெருமளவில் பாவிக்கப்படும் பைபர் கிளாஸ் வள்ளம் வேகமானது, உக்காதது. ஆனால் அது திறந்த கிண்ணம் போன்றது. ஏறிய நீர் உள்ளேயே நிற்கும்.

வள்ளத்தில் நிற்கும் நீர் அது சரியும் பக்கத்துக்கே ஓடி, சரிவை மேலும் கூட்டுகிறது. எனவே நீரை உடனுக்குடன் இறைக்க வேண்டும். மீனும் ஐசும் வலையும் அடித்தளத்தில், அசையாமல் இருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரம் விளிம்பை நீர்மட்டத்துக்கு இறக்கிவிடும்.

இயந்திரம் நின்றால் வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். பெரும்பாலும் அப்போதுதான் கவிழ்கிறது. அணியத்தில் நீண்ட கயிறு கட்டி, கன்வசுத் துணியில் கூம்பாகத் தைத்த கடல் நங்கூரத்தை நீரில் விட்டால், அணியம் அலையை நோக்கி நிற்கும். அது இல்லாதபோது வாளியையோ வலையையோ கட்டிவிடலாம்.

மிதப்பு அறைகளையும் கவனியுங்கள். ஒரு லீற்றர் காற்றிடம் ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தைத் தாங்கும். நன்றாக மூடிய 20 லீற்றர் பிளாஸ்ரிக் கான்கள் ஐந்து, சுமார் 100 கிலோவைத் தாங்கும். அவற்றை வள்ளத்தின் இரு பக்கங்களிலும் விளிம்பை அண்டி உறுதியாகக் கட்டவேண்டும். அடியில் கட்டினால், நீர் நிறைந்த வள்ளம் தலைகீழாகப் புரளக்கூடும்.

கரை திரும்பும்போது உடையும் அலையின் முன்னால் ஓடக்கூடாது. அதன் முதுகைத் தொடர்ந்து, அலையின் வேகத்திலேயே வரவேண்டும்.

உயிர்காப்பு அங்கி வலை இழுக்க இடைஞ்சல் என்று பலர் அதைக் கரையிலேயே விட்டுச் செல்கின்றனர். வள்ளம் கவிழ்ந்த பின்னர் அதைத் தேடி அணிய நேரம் கிடையாது. புறப்படும்போதே அணிவதுதான் பாதுகாப்பு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்பதும், எந்தத் திசைக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் செலவில்லாத காரியங்கள்.

பங்குகளிலுள்ள மீனவர் சங்கங்கள் சேமிப்புப் பணத்தில் அங்கிகளை மொத்தமாக வாங்கித் தவணைக்குக் கொடுக்கலாம். கடலுக்குப் போகமுடியாத நாட்களில் கடல் நங்கூரம் தைக்கப் பழகலாம். புயலில் அகப்பட்ட சீடர்கள் ஆண்டவரை எழுப்பினார்கள். படகில் ஏறிய நீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எமது செபத்தோடு ஆயத்தமும் சேரட்டும்.