டிக்கெட் ஃப்ரீ… பஸ் எங்கே? கோவை புறநகர் டவுன் பஸ் சிக்கல் - ஒரு விளக்கம்

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் மாலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். பஸ் உள்ளே திரும்பும்போதே எல்லோர் கண்ணும் போர்டு மேலதான் இருக்கும். “வெள்ளை போர்டுங்களா, தனியாருங்களா?” வெள்ளை போர்டு என்றால் பெண்களுக்கு டிக்கெட் காசு மிச்சம். தனியார் என்றால் காசு போகும், ஆனால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, பின்னாலேயே இன்னொரு பஸ் வரும். அன்னூர், சூலூர், தொண்டாமுத்தூர் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்கு அப்படி இல்லை. ஒரு நடையை விட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் கேள்வி. டிக்கெட் இலவசமாக இருந்தும் பஸ் ஏன் போதவில்லை?

பழைய ‘சேரன்’ கதை

ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் நாட்டுடைமையாகி, 1972-ல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997-ல் பெயர் மாறி, இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டம். ஆனாலும் கோவையில் அரசு டவுன் பஸ்ஸும் தனியார் டவுன் பஸ்ஸும் ஒரே ரோட்டில் ஓடுகின்றன. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும்தான். அதனால், உங்கள் ஊருக்கு எந்த பஸ் வருகிறது என்பதைப் பொறுத்தே அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்கும்.

அரசுப் பணம் எதற்குப் போகிறது?

2021 மே மாதம் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ரூ.1,200 கோடி மானியம் என்று சொல்லப்பட்டது. 2025-26 பட்ஜெட்டில் ‘விடியல் பயணம்’ திட்டத்துக்கு மட்டும் ரூ.3,600 கோடி. மாணவர் கட்டணச் சலுகைக்கு ரூ.1,782 கோடி, டீசல் மானியம் ரூ.1,857 கோடி. இதில் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய காசு.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பணம் பயணியின் டிக்கெட்டுக்கும் பஸ்ஸின் டீசலுக்குமானது. ‘இந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இத்தனை நடை ஓட்டியே ஆக வேண்டும்’ என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற பணம் இல்லை.

கடைசி நடை ஏன் முதலில் ‘கட்’ ஆகிறது?

ஒரு ரூட்டை எடைபோடும்போது பார்க்கப்படும் முக்கியக் கணக்கு, கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பது. மாலையில் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போகும் பஸ் நிரம்பி வழியும், திரும்பும்போது காலியாக வரும். காலையில் இதுவே தலைகீழ். ஆக, ஓடிய தூரத்தில் பாதிக்குத்தான் வசூல்.

2018 ஜனவரியில் உயர்த்தப்பட்ட பஸ் கட்டணம் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. டீசல் விலை நிற்கவில்லை. இந்த நிலையில் டிரைவர் லீவு, பஸ் ரிப்பேர் என்று ஏதாவது ஒன்று வந்தால் எந்த நடையை நிறுத்துவார்கள்? வசூல் குறைவான புறநகர் நடையைத்தான். நகரத்துக்குள் பத்தில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஊருக்கு வரும் மூன்றில் ஒன்று குறைந்தால் அன்றைக்கு நடந்துதான் போகணும்.

ஊர் எங்கே முடிகிறது?

2011-ல் துடியலூர், சரவணம்பட்டி, வடவள்ளி, குறிச்சி எல்லாம் சேர்ந்து கோவை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக ஆனது. பரப்பளவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. வேலைக்கு வருகிறவர்களோ அந்த எல்லைக்கும் வெளியே இருந்து வருகிறார்கள்.

இந்த எல்லைக் குழப்பம் மெட்ரோவிலும் வெடித்தது. ரூ.10,740 கோடி மதிப்பிலான கோவை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்குப்படி மாநகராட்சியில் இருப்பது 15.84 லட்சம் என்பது முக்கியக் காரணம். அதே 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்பகுதிகளையும் சேர்த்த கோவை நகர்த்திரள் 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது!

மெட்ரோ வரும்வரை நம்பியிருக்க வேண்டியது பஸ்ஸைத்தான். அங்கேயும் கோவைக்குப் பங்கு சின்னதுதான். 2025-26 பட்ஜெட் அறிவித்த 1,125 மின்சார பஸ்களில் சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. வெள்ளலூரில் ரூ.168 கோடி திட்டமாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த பஸ் நிலையமும் பாதியில் நின்றுபோனது.

மினி பஸ் தீர்க்குமா?

ஓரளவுக்கு. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு ரூட் அதிகபட்சம் 25 கி.மீ. அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் ஓட்டுவது தனியார். வசூல் இல்லாவிட்டால் அவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

யாரிடம் கேட்பது?

அரசு பஸ் நடை நின்றுவிட்டால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம். தனியார் பஸ் பெர்மிட்டில் உள்ள நேரப்படி வரவில்லை என்றால் ஆர்டிஓ-விடம். பெர்மிட் தருவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம், அதற்குத் தலைவர் கலெக்டர். எனவே புது ரூட் கேட்பவர்கள் கிராமசபைத் தீர்மான நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். நிழற்குடை வேண்டுமென்றால் உள்ளாட்சி அமைப்பிடம். ஒரே பஸ்ஸுக்கு இத்தனை வாசல்! சென்னையில் இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க ‘கும்டா’ என்ற குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் வந்தது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. சென்னையில் 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய மின்சார பஸ்களுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்த நிறுவனத்துக்குப் பணம் தரப்படுகிறது. டிக்கெட் வசூல் குறைந்தாலும் பஸ் ஓடியாக வேண்டும். லண்டன் பஸ்களிலும் அடிப்படை இதுதான். ஊருக்கு இத்தனை நடை என்று முதலில் முடிவு செய்து, அந்த நடைக்குப் பணம் ஒதுக்கினால், கடைசி நடையை ‘கட்’ செய்வதில் யாருக்கும் லாபம் இருக்காது.

டிக்கெட் இலவசம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் ஏறுவதற்கு பஸ் வந்தால்தானுங்க அது சலுகை.