வள்ளிக்கொடியின் மலர்ச்சியும் பகற்பொழுதின் நீளமும்

பெருவள்ளிக் கிழங்கைப் பயிரிடுவோரில் பலர் அதன் பூவைக் கருத்தூன்றிப் பார்த்ததில்லை. கிழங்குத் துண்டை நட்டால் கொடி முளைத்துவிடுகிறது; ஆகவே பூவுக்கோ விதைக்கோ உழவர் காத்திருப்பதில்லை. ஆனால் அவ்வாறு முளைக்கும் கொடி, குணங்கள் யாவற்றிலும் தாய்க்கொடியையே ஒத்திருக்கும். நோயைத் தாங்கும் புதிய இரகம் வேண்டுமாயின், இரண்டு இரகங்களைக் கலந்து விதை பெறுதல் வேண்டும். அதற்கு மலர் இன்றியமையாதது.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. இப்பயிரில் ஆண் மலர்களும் பெண் மலர்களும் வெவ்வேறு கொடிகளில் உண்டாகின்றன. சில இரகங்கள் பூப்பதே இல்லை. ஆண்கொடி பூத்து ஓய்ந்தபின் பெண்கொடி பூத்தால் கலப்பு கைகூடாது. பூக்கும் காலத்தை வரையறுக்கும் காரணங்களுள் பகற்பொழுதின் நீளம் முக்கியமானது.

இருளை அளக்கும் இலை

இவ்வுண்மையை 1920-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் விஞ்ஞானிகள். கோடையில் பூக்காமல் நெடிது வளர்ந்த ஒரு புகையிலை இரகத்தை, நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறுக்கினர், அது பூத்தது. இத்தகையவை குறும்பகல் செடிகள் எனப்படும். செடி அளப்பது பகலை விட, இடையறாத இருளையே என்பது 1938-இல் வேறொரு செடியைக் கொண்டு நிறுவப்பட்டது. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கொளி பட்டாலும் சில குறும்பகல் செடிகள் பூப்பதில்லை. இவ்வளவைக் கணிப்பது இலை. அங்கு உருவாகும் புரதம் ஒன்று தண்டின் நுனியை அடைந்து அதனை மலர்ச்சிக்குத் திருப்புகிறது.

ஒரு மணி நேர வேறுபாடு

பெருவள்ளிக்கொடி பொதுவாகப் பகல் குறுகிவரும் மாதங்களில் பூக்கிறது. கிழங்கு பருப்பதற்கும் குறும்பகலே ஏற்றது. திருவனந்தபுரத்தில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 37 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 38 நிமிடம். டில்லியில் இவ்வேறுபாடு மூன்றரை மணிக்கும் மேற்பட்டது. தெற்கே காணும் ஒரு மணி நேர வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், வெப்பநாட்டுப் பயிர்கள் பல அதனையும் உணர்கின்றன.

பகலின் நீளம் ஒன்றே போதும் என்று கருதலாகாது. இரகத்தின் இயல்பு, கொடியின் வயது, குரோமோசோம்களின் எண்ணிக்கை ஆகியவையும் மலர்ச்சியைப் பாதிக்கின்றன. ஆதலின் பூவாத இரகம் ஒவ்வொன்றும் பகலைக் குறுக்கியவுடன் பூத்துவிடும் என எதிர்பார்த்தல் கூடாது. ஆயினும் பெற்றோர் இரண்டும் பூக்கும் இயல்புடையனவாயின், நடும் நாட்களை முன்பின்னாக அமைத்து அவற்றை ஒரே காலத்தில் பூக்கச் செய்ய முயலலாம். கரும்பு இனக்கலப்பில் பகலின் நீளத்தைச் செயற்கையாக மாற்றியும் இதைச் செய்கின்றனர். 1963-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அளித்த ஸ்ரீ சில்பா, கலப்பினால் தோன்றிய பெருவள்ளி இரகமாகும்.

களத்திலும் பள்ளியிலும்

உழவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கேரளத்தில் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நட்டால், பகல் குறுகுமுன் கொடி கொழுகொம்பில் படர்ந்து நிறைந்த இலை பெறும். காலந்தாழ்த்தி நட்டாலோ, இலை போதாத இளங்கொடி கிழங்கு வைக்கத் தொடங்கும், கிழங்கு சிறுக்கும்.

பள்ளித் தோட்டத்தில் ஒரே கிழங்கின் சம எடையுள்ள துண்டுகளை ஏப்ரலில் சிலவும் ஜூலையில் சிலவும் நட்டு, நட்ட நாள், பூத்தால் முதற்பூ கண்ட நாள், கிழங்கின் எடை ஆகியவற்றை மாணவர் குறித்துவரலாம். அந்நாட்களின் பகற்பொழுதைப் பஞ்சாங்கத்தின் 'அகசு' என்னும் பத்தி நாழிகைக் கணக்கில் தரும். தெருவிளக்கின் ஒளி படும் இடத்தில் நடாமலிருத்தல் நலம்.