வெளிச்சுவரில் ஏறிய தீ

கான்கிரீட் எரியாது என்பது நாம் அறிந்ததே. அப்படியானால் கான்கிரீட்டால் கட்டப்பட்ட 24 மாடிக் கட்டிடம் ஒன்று தீப்பந்தம்போல் எரிந்தது எப்படி?

லண்டன் மாநகரில் வடக்குக் கென்சிங்டன் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தது கிரென்ஃபெல் கோபுரம். 2017 ஜூன் 14ஆம் நாள், பின்னிரவு ஒரு மணி ஆகுமுன், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் குளிர்பதனப் பெட்டி தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்தனர். ஆனால் அவர்கள் சமையலறைக்குள் நுழையுமுன்பே தீ சன்னல் வழியே வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 72 பேர் உயிரிழந்தனர்.

உயர்ந்த கட்டிடங்களில் ஒவ்வொரு வீடும் தீ புகாத பெட்டிபோல் அமைக்கப்படுகிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ, அடுத்த வீட்டுக்குப் பரவுமுன் அணைக்கப்பட்டுவிடும். ஆகவே, 'உங்கள் வீடு எரியாவிட்டால் உள்ளேயே இருங்கள்' என்பதே அங்குள்ள அறிவுரை. கிரென்ஃபெல்லில் இருந்ததோ ஒரே ஒரு படிக்கட்டு. வெளிச்சுவர் எரியாதவரைதான் அந்த அறிவுரை பொருந்தும். அதிகாலை 2.47க்குத்தான் அது கைவிடப்பட்டது. அதற்குள் படிக்கட்டில் புகை நிறைந்திருந்தது.

1974இல் கட்டிமுடித்த இக்கோபுரத்துக்கு, 2016இல் முடிந்த புதுப்பிப்பின்போது புதிய மேலுறை போர்த்தினார்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகள். அவற்றின் நடுவே 3 மில்லிமீட்டர் பாலிஎதிலீன். கடைகளில் தரும் பாலிதீன் பையும் இதே பொருள்தான்! கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த இது, எடைக்கு எடை மண்ணெண்ணெய்க்கு ஈடாக வெப்பம் தரும். சூடேறினால் உருகும், எரிந்துகொண்டே சொட்டும். மேலுறைக்கும் அதன் பின்னிருந்த எரியக்கூடிய நுரைப் பலகைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அது புகைபோக்கியைப் போலத் தீயை மேல்நோக்கி இழுத்தது.

இதைத் தடுக்க விதிகள் இல்லையா? இருந்தன. ஆனால் அரசின் வழிகாட்டி நூல் ஏற்ற ஒரு சோதனை, பொருளின் மேற்பரப்பில் தீ எப்படிப் பரவுகிறது என்பதையே பார்த்தது. அலுமினிய மேற்பரப்பு அதில் எளிதில் தேறிவிடும். உள்ளே இருப்பது என்ன என்று கேட்பார் இல்லை.

இந்த ஆபத்து முன்பே தெரியாததும் அன்று. 2001இல் அரசே நடத்தச் செய்த பெருஞ்சோதனையில் இவ்வகைத் தகடு கடுமையாக எரிந்தது. முடிவு வெளியிடப்படவில்லை, விதியும் இறுக்கப்படவில்லை. 2009இல் லண்டனின் லக்கனால் ஹவுஸ் குடியிருப்பில் தீப்பிடித்து 6 பேர் இறந்தனர். வழிகாட்டி நூலைத் திருத்தித் தெளிவாக்குமாறு 2013இல் மரண விசாரணை அதிகாரி பரிந்துரைத்தார். 2017 வரை அந்தத் திருத்தம் வரவில்லை.

நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. தகடு, நுரைப்பலகை தயாரிப்பாளர்கள் சோதனை விவரங்களை மறைத்துச் சந்தையை ஏமாற்றினர் என்றது. அரசின் பல்லாண்டுக்காலத் தவறுகளையும் சுட்டியது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவையே என்றார் மூர்-பிக்.

2018 இறுதியில் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களைத் தடைசெய்தது. உயர்ந்த குடியிருப்புகளைக் கண்காணிக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது.

மாணவ நண்பர்களே, சோதனைச்சாலை தன் வேலையை 16 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருந்தது. அதன் முடிவு கோப்புக்குள் கிடந்ததால்தான் அந்த வீடுகளில் உறங்கியவர்களுக்கு அது பயன்படாமல் போயிற்று.