நஞ்சுக்கொடி யாருடையது?

மாடு கன்று ஈன்ற இரவில் வீட்டுப் பெரியவர்கள் உறங்குவதில்லை. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருப்பார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடும் நிறையப் பால் தரும் என்பது நம்பிக்கை. கம்பம் பள்ளத்தாக்கில் வளரும் உங்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அந்தச் சாக்கு மூட்டையைப் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. உள்ளே இருப்பது யாருடைய உறுப்பு? தாய்ப்பசுவினுடையதா, கன்றினுடையதா?

பெரும்பாலோர் தாயுடையது என்பீர்கள். அப்படியன்று. கருவுற்ற முட்டை பிளந்து பிளந்து செல்திரளாகும்போதே ஒரு பகுதி கன்றாகவும் இன்னொரு பகுதி நஞ்சுக்கொடியாகவும் பிரிந்துவிடுகின்றன. ஆகவே நஞ்சுக்கொடி கன்றைச் சேர்ந்தது. கன்றைப் போலவே அதன் செல்களிலும் ஜீன்கள் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டிரண்டாக இருக்கும். அப்படியானால் இரண்டு பிரதிகளும் சமமாக வேலை செய்கின்றனவா? இதற்கு விடை தந்தது பசு அன்று, குதிரை. குதிரையுடன் கழுதையும் சேர்ந்து தந்தது என்றால் இன்னும் பொருந்தும்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே, வண்டி போகாத மலைக் கிராமங்களுக்கு அரிசி மூட்டை ஏறுவதும் காப்பிக்கொட்டை இறங்குவதும் குதிரையின் முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான் போகிறது. இத்தகைய சுமைக் கூட்டத்தில் காது நீண்டு, கால் மெலிந்து, குதிரையின் உயரத்தில் ஒரு விலங்கைக் கண்டால் அது கோவேறு கழுதை என்று கொள்ளுங்கள். அதன் தந்தை கழுதை, தாய் குதிரை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இதற்கு 63. இந்த ஒற்றைப்படை எண் காரணமாக அது குட்டி போடுவதில்லை. ஆண் குதிரையையும் பெண் கழுதையையும் சேர்த்தால் பிறப்பது வேறு. அதற்கு ஆங்கிலத்தில் ஹின்னி என்று பெயர். நம் வழக்கில் தனிப்பெயர் இல்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையின் நஞ்சுக்கொடி விசித்திரமானது. பசுவுக்குக் கருப்பையின் உட்புறத்தில் பொத்தான் பொத்தானாகச் சில இடங்களில் மட்டும் அது ஒட்டியிருக்கும். குதிரைக்கோ கருப்பை முழுவதும் விரித்த கம்பளம் போலப் படிந்திருக்கும். குட்டி பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் அது விழாவிட்டால் தாய்க்குதிரையின் உயிருக்கே ஆபத்து. மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மாட்டுக்குக் காத்திருப்பது போல இங்கே காத்திருக்கக் கூடாது.

குதிரை ஏறக்குறைய பதினொரு மாதம் சினையாக இருக்கும். அதன் ஐந்தாம் வாரத்தில் கருவைச் சுற்றி ஒரு கச்சை கட்டியது போன்ற செல்பட்டை தோன்றுகிறது. சில நாட்களில் அந்தச் செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் துளைத்துச் சென்று, குழிவான கிண்ணங்களைப் போல அங்கே குடியேறுகின்றன. அங்கிருந்தபடி ஒரு ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கொட்டுகின்றன. சினைக் குதிரையின் இரத்தத்தில் இது இருப்பதை 1930-ல் கோல், ஹார்ட் என்ற இருவர் கண்டறிந்தனர். தாயின் வெள்ளணுக்கள் இந்த அந்நியரைச் சும்மா விடுவதில்லை. சூழ்ந்து நின்று, நான்காம் மாதம் முடியுமுன் அழித்துவிடுகின்றன. அதற்குள் அவற்றின் வேலை முடிந்திருக்கும்.

இந்த ஹார்மோன்தான் முதல் துப்பு. தாய்க்குதிரை குதிரைக்குட்டியைச் சுமந்தால் ஹார்மோன் நிறையச் சுரக்கிறது. அதே குதிரை கோவேறு கழுதையைச் சுமந்தால் அளவு மிகக் குறைந்துவிடுகிறது. பெண் கழுதையோ, கழுதைக்குட்டியைச் சுமப்பதைவிட ஹின்னியைச் சுமக்கும்போது அதிகமாகச் சுரக்கிறது. தாய் மாறவில்லை, தந்தைதான் மாறினார். அளவும் மாறிவிட்டது!

இது ஒரு ஹார்மோனின் கதை. ஆயிரக்கணக்கான ஜீன்களையும் இப்படிச் சோதிப்பது எப்படி? வேலை செய்யும் ஜீன் ஆர்.என்.ஏ. என்னும் நகல்களை வெளியிடும். நகல்களை எண்ணினால் எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்று தெரியும். ஆனால் தாயும் தந்தையும் குதிரைகளாகவே இருந்தால் பல ஜீன்களில் இருவரின் பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். நகல் யாருடையது என்று சொல்ல முடியாது. குதிரை ஜீனுக்கும் கழுதை ஜீனுக்கும் இடையே ஆங்காங்கே எழுத்து மாறியிருக்கும். ஒரே கணக்கை இருவர் தம் தம் கையெழுத்தில் எழுதியது போலத்தான். பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடலாம்.

கோவேறு கழுதையை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதில் கழுதைப் பிரதி மட்டும் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். தந்தையிடமிருந்து வந்ததாலா, கழுதையின் ஜீன் இயல்பிலேயே சுறுசுறுப்பானதாலா? சொல்ல முடியாது. ஹின்னியில் தந்தை குதிரை. அங்கே குதிரைப் பிரதி விழித்து, கழுதைப் பிரதி உறங்கினால் சந்தேகம் தீர்ந்தது: இனம் காரணமன்று, யாரிடமிருந்து வந்தது என்பதே காரணம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாங், ஆன்ட்சாக், கிளார்க் முதலியோர் இதைத்தான் செய்தார்கள். 2009-ல் குதிரையின் முழு ஜீன் தொகுதி வெளியானது அவர்களுக்குக் கைகொடுத்தது. இரு கலப்புகளின் நஞ்சுக்கொடிச் செல்களையும் ஒப்பிட்டு, 2013-ல் முடிவை வெளியிட்டனர். மற்ற விலங்குகளிலும் ஏற்கெனவே அறியப்பட்ட 15 ஜீன்கள் இங்கும் ஒருபக்கமாகவே வேலை செய்தன. அவற்றில் 10 தந்தையின் பிரதிகள். புதிதாக 78 ஜீன்கள் பட்டியலில் சேர்ந்தன. அவற்றிலும் தந்தையின் பக்கமே கை ஓங்கியிருந்தது. அந்த 78-ம் நஞ்சுக்கொடியில்தான் இப்படி. கருவின் உடலில் அந்தச் சாய்வு காணப்படவில்லை. பெரும்பாலானவற்றில் மற்றப் பிரதி அடியோடு ஊமையாகிவிடவுமில்லை, குரல் தாழ்ந்தே ஒலித்தது. ஆளுக்கு ஆள் சிறிது மாறவும் செய்தது.

இப்படி நடக்கும் என்ற ஐயம் 1984-லேயே எழுந்தது. கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் அவர் குழுவினரும், அமெரிக்காவில் மக்கிராத், சோல்ட்டர் இருவரும் எலிக் கருக்களில், இரு தொகுதிகளும் தாயிடமிருந்தே வந்தால் என்ன ஆகும், தந்தையிடமிருந்தே வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். இரண்டு வகையும் பிழைக்கவில்லை. தாயின் ஜீன்கள் மட்டும் இருந்தவற்றில் நஞ்சுக்கொடி நலிந்திருந்தது. தந்தையின் ஜீன்கள் மட்டும் இருந்தவற்றில் அது செழித்து, கரு நலிந்தது.

ஏன் இந்த ஓரவஞ்சனை? டேவிட் ஹேக் என்ற அறிஞர் ஒரு விளக்கம் தருகிறார். தாய்க்கு எல்லாக் குட்டிகளும் தன் குட்டிகளே; அடுத்த சினைக்கும் உடலில் ஊட்டம் மிச்சம் வேண்டும். அடுத்த குட்டியின் தந்தை வேறாக இருக்கலாம். எனவே தந்தை வழி ஜீன்கள் இந்தக் குட்டிக்கே இழுக்கின்றன, தாய் வழி ஜீன்கள் கையை இறுக்குகின்றன என்கிறார். ஜீன்களுக்கு ஆசை ஏது என்று கேட்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக எது நிலைத்ததோ அதன் கணக்கு இது. விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லா ஜீனுக்கும் பொருந்துகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. குட்டி போடாத கோவேறு கழுதைக்கும் கருப்பை உண்டு. குதிரைக் கருவையும் கழுதைக் கருவையும் பெண் கோவேறு கழுதைகளின் கருப்பையில் வைத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். அந்த முடிவு 1985-ல் வெளியானது. கருக்கள் தத்தம் நஞ்சுக்கொடியைத் தாமே விரித்துக்கொண்டன. தமக்கென ஒரு குட்டியைப் பெற முடியாத அந்தத் தாய்கள் குதிரைக்குட்டியையும் கழுதைக்குட்டியையும் நிறைமாதம் சுமந்து ஈன்றன.