இலவச மென்பொருளை எடைபோடுவோம்

பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டுக் கணனி வாங்கும் பெற்றோர் கனமூலையிலும் உண்டு. அதில் இலவசச் சிறு மென்பொருள் எதையும் ஏற்றுமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: ஆக்கியவர் யார்? அவரது சொந்தத் தளத்திலிருந்தா பெறுகிறோம்? இது நமக்குத் தேவைதானா?

கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஸிப்பை 1999இல் வெளியிட்டவர் இகோர் பாவ்லோவ். அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம். இத்தகையதை நம்பி ஏற்கலாம்.

ஆயினும் நற்பெயர் மட்டும் போதாது. 2017இல், கணனியைத் துப்புரவாக்கும் சீகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே விஷமிகள் கள்ள நிரலைப் புகுத்தினர். அது 22 இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சென்றடைந்தது. முதலிரு கேள்விகள் அவர்களைக் காக்கவில்லை. மூன்றாவது பலரைக் காப்பாற்றியிருக்கும். வேண்டாத கோப்புகளை அகற்றும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறதே! ஆகவே, தேவையை அறிந்த பின்பே இலவசத்தை ஏற்போம்.