உபுண்டு தேடலில் கடைப் பொருள்கள் வராமல் நிறுத்துவது எப்படி?

உபுண்டு 14.04 உள்ள கணினியைப் பள்ளியில் பயன்படுத்துகிறவர்களுக்கான குறிப்பு இது. பழைய கணினியை மறுபடி ஓட வைக்க நல்ல வழி, காசும் கிடையாது. ஆனா மாணவர் கையில் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

இடப்பக்கம் மேலே இருக்கும் உபுண்டு சின்னத்தைச் சொடுக்கினால் தேடல் திரை வரும். அதன் பெயர் டேஷ். நீங்கள் சேமித்து வைத்த பயிற்சித்தாளைத் தேட, அங்கே ஆங்கிலத்தில் 'சயின்ஸ்' என்று தட்டச்சு செய்கிறீர்கள். பயிற்சித்தாள் வருகிறது. இந்தப் பதிப்பு வந்த காலத்தில், கூடவே அமேசானில் விற்கும் புத்தகமும் பொம்மையும் விலையோடு வந்து நின்றன. வகுப்பில் எல்.சி.டி. போட்டிருந்தால் அத்தனை பிள்ளைகளும் பார்ப்பாங்க. இந்த வசதி வந்த புதிதில் பெரியவர்களுக்கான பொருள்கள்கூடத் தலைகாட்டியதாகப் புகார்கள் எழுந்தன.

படம் வருவதைவிடப் பெரிய சிக்கல், நாம் தட்டும் சொல் வெளியே போவதுதான். எண்டர் தட்டக்கூட வேண்டாம். எழுத்துகளைத் தட்டும்போதே அவை உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போயின. அங்கிருந்துதான் மற்ற தளங்களில் தேடினார்கள். நாம் பொருள் வாங்கினால் அந்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு கிடைத்தது. 2012 அக்டோபரில் வந்த 12.10 பதிப்பில் இது தொடங்கியது. இது விளம்பரம் இல்லை, தேடல் முடிவுதான் என்று உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் வாதாடினார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே சொன்னார்.

அமேசானுக்கு நேராகப் போகவில்லை, கெனானிக்கல் இடையில் நின்றது என்பது உண்மைதான். இருந்தாலும் யோசித்துப் பாருங்க. ஒரு மாணவரின் பெயரோடு கட்டொழுங்குக் கடிதமோ ஆலோசனைக் குறிப்போ நம் கணினியில் இருக்கும். அதைத் தேட அந்தப் பெயரைத்தானே தட்டுவோம்? பெற்றோர் அதற்கு அனுமதி தரவில்லை.

நிறுத்துவது சுலபம். வலப்பக்க மேல் மூலையில் உள்ள பல்சக்கரச் சின்னத்தைச் சொடுக்கி 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போங்க. அதில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி', பிறகு 'சர்ச்' என்ற பகுதி. இணையத் தேடல் முடிவுகளையும் சேர்க்கவா என்று கேட்கும் பொத்தானை 'ஆஃப்' செய்யுங்கள். அவ்வளவுதான். டேஷைத் திறந்து பழையபடி 'சயின்ஸ்' தட்டிப் பாருங்கள். உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் மட்டுமே வர வேண்டும். ஃபயர்பாக்ஸில் கூகுள் தேடல் எப்போதும்போல வேலை செய்யும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணினி அறைப் பொறுப்பாசிரியர்கள் இதைக் கவனிக்கணும்: இந்த மாற்றம் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. உங்கள் கணக்கில் நிறுத்தினால் மாணவர் கணக்கில் நின்றுவிடாது. அதிலும் ஒருமுறை நுழைந்து செய்ய வேண்டும். 'கெஸ்ட்' என்ற விருந்தினர் கணக்கு இன்னும் தொல்லை. வெளியேறியதும் அதில் செய்தது எல்லாம் அழிந்துவிடும், அடுத்த முறை இணையத் தேடல் திரும்ப வந்துவிடும். மாணவர்களுக்கு நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று திறந்து கொடுப்பதே நல்லது.

சிலர், "விக்கிப்பீடியா முடிவு வரட்டுமே, கடை மட்டும் வேண்டாம்" என்பார்கள். அதற்கும் வழி உண்டு. டேஷில் மென்பொருள்கள் பகுதிக்குப் போனால் 'டேஷ் பிளகின்ஸ்' என்ற வரிசை இருக்கும். அமேசான் மேல் வலச்சொடுக்கு செய்து 'டிசேபிள்' கொடுக்கலாம். ஆனால் தட்டும் சொல் அப்போதும் வெளியே போகும் என்பதால் பள்ளிக் கணினிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

16.04 பதிப்பில் இந்த வசதி மூடியே வந்தது. அதைப் புதிதாக நிறுவியவர்களுக்கு இந்த வேலை மிச்சமானது.

'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' வரை வந்த கையோடு, 'ஃபைல்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்' பகுதியையும் பாருங்கள். அண்மையில் திறந்த கோப்புகளை டேஷ் காட்டுவது அங்குள்ள பதிவினால்தான். தேர்வுத்தாளின் பெயர் எல்.சி.டி. திரையில் தெரியக்கூடாது என்றால், அதையும் 'ஆஃப்' செய்து பழைய பதிவை அழித்துவிடுங்க.